ஓடற மிஷினுக்குப் பொட்டு

எண்பத்தி ஒண்ணு. எண்பத்தி ஒண்ணா? நாலு நாளா எழுவத்தி ரெண்டத் தாண்டாத கெரகம் இப்ப எண்பத்தி ஒண்ணுல வந்து நிக்குது. நிக்கக்கூட இல்ல, இதா எண்பத்தி ரெண்டு. பாத்ரூம் போயி மொகங் கழுவிட்டு வர்றதுக்கு எத்தன நேரம் ஆயிருக்கும், பத்து நிமிஷம். பத்து நிமிஷத்துல பத்து டிகிரி. இருடி பூங்கோத, பதறாத, மொதல்ல உக்காரு. திரையோட மூலையில ஒரு சின்னக் கட்டத்தத் தொறந்து வெச்சிருக்கறன், இந்த நாலு நாள்ல வூட்டுக்காரரு மொகத்த விட அதத்தான் நெம்பப் பாத்திருக்கறன். பிராசசரோட சூடு எத்தன, அது தலமேல சுத்தற ஃபேன் நிமிஷத்துக்கு எத்தன சுத்து, பொட்டிக்கு முன்னால இருக்கறது எத்தன, உச்சியில இருக்கறது எத்தன, எல்லாம் அதுல ஓடிட்டே இருக்கும். சூடு நூறத் தொட்டா மிஷின் தன்னால அணைஞ்சுரும். அணைஞ்சா அது பொழைச்சுக்கும், எம்பட நாலு நாளு போயிரும். ஓட்டம் முடிய முப்பத்தி எட்டு நிமிஷம்னு காட்டுது. முப்பத்தி எட்டு நிமிஷம் பொறுத்துக்க மாட்டியா நீயி? நாலு நாளு ராத்திரி பகலாப் பொறுத்த, இப்ப வந்து கழுத்தறுக்கற. நடுவுல நடுவுல சேமிச்சு வெச்சுக்கற வசதி இருக்குது, இல்லாம இல்ல. டிஸ்க்குல எடம் பத்தலைன்னு நாந்தான் அத எடுத்துவிட்டன். எம்பட புத்தியச் செருப்பால அடிக்கோணும். எண்பத்தி மூணு.

நாலு நாளு போனா என்ன, மறுக்கா ஓட்டிக்கலாம்ல அம்மணின்னு மொதலாளி சொல்லுவாரு. சொல்லட்டும். அவருக்கென்ன, இந்தப் பட்டறையில வருஷம் விஜயதசமியிலதான் பொறக்குது. நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு அச்சு மேசையில ஒரு படத்த விரிப்பாங்க, அதப் பாத்துப் புது மரத்த அறுப்பாங்க. பம்புக்குள்ள சுத்தித் தண்ணியத் தூக்கற இம்பெல்லருக்கு அந்த மரத்துலதான் அச்சு. அன்னிக்கு எந்தப் படம் மேசையில ஏறுதோ அதுதான் அடுத்த விஜயதசமி வரைக்கும், நடுவுல மாத்தறதுங்கற பேச்சே கெடையாது. பதினோரு வருஷமா அந்தப் படத்த வரையறவ நானு. வரையறவன்னா வரையறவதான். எறக்கை எத்தன, எத்தன வளைவு, எல்லாத்தையும் சொல்றது ஃபோர்மேன் நாச்சிமுத்தண்ணன். கண்ணாலயே பாத்து, கட்டவெரல வெச்சு அளந்து, இப்பிடிப் போடு அம்மணிம்பாரு. அஞ்சு எறக்கை, முப்பத்தொரு வருஷமா அதே அஞ்சு எறக்கை. இந்த வருஷம் நான் ஆறு போட்டிருக்கறன், வளைவையும் மாத்தி. மொதலாளிகிட்டக் கொண்டுபோயிக் காட்டினப்ப அவரு படத்தப் பாக்கவே இல்ல, நாச்சிமுத்தண்ணன் மொகத்தப் பாத்தாரு. அப்புறம் சொன்னாரு, “கம்ப்யூட்டர்ல ஓட்டிக் காட்டுங்க அம்மணி, பழச விட ரெண்டு எச்சா வந்துதுன்னா விஜயதசமிக்கு உங்க படத்த ஏத்தறன், இல்லீன்னா அந்தப் பேச்ச உட்ருங்க.” பழசு மொத ஓட்டத்துலயே முடிஞ்சுது, அறுவத்தி நாலு புள்ளி ஒண்ணு. நூறு பங்கு கரண்டு குடுத்தா அறுவத்தி நாலு பங்குதான் தண்ணியா மேல வருது, மிச்சம் எங்கயோ சுத்திச் சுத்தி வீணாப் போவுது. இப்ப ஓடறது என்னுது. எம்பட ஆறு எறக்கை. அது இன்னிக்கு முடிஞ்சாத்தான் நாளைக்கு மேசை. பதினோரு வருஷத்துல ஒரே ஒருக்கா கேட்டிருக்கறன். உட மாட்டன்.

எண்பத்தி அஞ்சு. முன்னால ஃபேன் தொள்ளாயிரம், சரி. உச்சி ஃபேன் சைபர். சைபரா! எந்திரிச்சு மேசைக்கடியில குனிஞ்சு பாத்தா, அடக் கடவுளே. பொட்டிக்குப் பொட்டு வெச்சிருக்குது. பொட்டுன்னா சும்மா பொட்டு இல்ல, கறுப்புப் பொட்டியோட மொகம் பூராச் சின்னச் சின்ன ஓட்டை, அது வழியாத்தான் அது காத்த இழுக்கோணும், அந்த ஓட்டை மேல மூணு வெரலால சந்தனத்தக் கொழச்சுப் பட்டையா அப்பி, நடுவுல எட்டணா அகலத்துக்குக் குங்குமம். முன்னால ஃபேன் பாட்டுக்குச் சுத்துது, எண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்குது, இழுக்கறதுக்குக் காத்துத்தான் இல்ல. உச்சியில செவ்வந்தி மாலை. மாலையோட வால்நூலு கம்பி வளையத்துக்குள்ள எறங்கி ஃபேன்ல சுத்திக்கிச்சு. இது மயிலக்கா வேலை. மொதலாளி சம்சாரம். காத்தாலருந்து கிண்ணத்தக் கையில வெச்சுட்டு லேத்து, டிரில்லிங் மிஷின், கம்ப்ரஸரு, எடை போடற காட்டா, ஒண்ணு உடாம வெச்சுட்டு வர்றாங்க. இந்த ரூமுக்கு வேண்டாமுங்கன்னு நாஞ் சொல்லியிருக்கோணும். சொல்லல. யாரு இந்தப் பக்கம் வரப்போறாங்கன்னு நெனச்சன். பதினோரு வருஷமா இந்தப் பொட்டிக்கு யாரும் பொட்டு வெச்சதில்லையே! ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் கீபோர்டு மேல ஒரு துளி வெச்சுட்டுப் போவாங்க, அத்தோட சரி. இந்த வருஷம் அம்மணி நாலு நாளா வூட்டுக்குக்கூடச் சரியாப் போகாம இதுகிட்டயே கெடக்குதேன்னு பாசம் பொங்கியிருக்குது அவங்களுக்கு. பாசத்துல மூக்க அடைச்சுட்டாங்க.

எண்பத்தி ஏழு. ஏசி இல்ல. ஏசி பட்டறை லைன்ல, மெயினு காத்தால பதினோரு மணிக்கே எறக்கியாச்சு. சீலிங் ஃபேனும் இல்ல. மொதலாளி வூட்டுலருந்து ஒரு ஒயரு இழுத்து யூபிஎஸ்ல சொருகி இந்த ஒரு பொட்டிக்கும் திரைக்கும் மட்டும் கரண்டு, அதுக்கே காத்தால அரை மணி நேரம் சண்டை. “ஆயுத பூசையன்னிக்கு எதுவும் ஓடக்கூடாதுங் அம்மணி, அதுகளுக்கும் ஒரு நாளு ஓய்வு வேணும்” அப்பிடின்னாரு. “ஏனுங் மொதலாளி, உங்க செல்லு ஓடுதே, அத அணைச்சுட்டீங்களா?”ன்னு கேட்டன். பட்டறையே சிரிச்சுது. நாச்சிமுத்தண்ணன் மட்டும் சிரிக்கல. அப்புறந்தான் ஒயரு வந்துது. தகரக் கூரை, நாலு பக்கமும் கண்ணாடி, மத்தியானம் ஒரு மணி, எனக்கே ஜாக்கெட்டு முதுகோட ஒட்டிக்கிச்சு, இது என்ன பண்ணும் பாவம். பூசை போட்டத நாளைக்குக் காத்தால மறுபூசை வரைக்கும் தொடக்கூடாது. தெரியும். சின்னப்புள்ளையிலருந்து தெரியும். சரஸ்வதி பூசைக்குப் புஸ்தகத்த அடுக்கி வெச்சுட்டு நாளைக்குப் பரிச்சைன்னாலும் தொடாம உக்காந்திருந்தவ நானு. தொட்டாப் படிப்பு வராதுன்னாங்க. தொடாமயே எனக்குக் கணக்குல முப்பத்தஞ்சுதான் வந்துது. எண்பத்தி எட்டு. கை நீளுது, நின்னுருது. மறுக்கா நீளுது. என்னடி பயம் உனக்கு? சாமியா வந்து நாளைக்கு மரம் அறுக்கப் போகுது?

பாப்பாளுக்கு ரெண்டு வயசுல காச்சல் வந்தப்பவும் இப்பிடித்தான் எண்ணு ஏறுச்சு. நூத்தி ரெண்டு, நூத்தி ரெண்டரை, நூத்தி மூணு. மாமியாரு கம்பளி எடுத்துட்டு வந்து போர்த்தினாங்க, அது மேல இன்னொண்ணு, சன்னலச் சாத்துன்னாங்க, “வேர்த்து எறங்கிரும், உனக்கென்ன தெரியும்”னாங்க. அவங்களுக்கும் அவ பேத்திதான், அவங்க கண்ணுலயும் தண்ணிதான். நான் சொவத்தோரமா நின்னுட்டு இருந்தன், எத்தன நேரம் நின்னன்னு இன்னிக்கும் எண்ணிப் பாக்கறன். பெரியவங்க சொல்றாங்க, பெரியவங்க சொல்றாங்கன்னு நின்னுட்டே இருந்தன். கொழந்த கண்ணு மேல சொருவி, கையி வெட்டி வெட்டி இழுத்துது. அப்பத்தான் கம்பளியப் புடுங்கி வீசினன். சட்டையக் கழட்டி, ஈரத்துணி போட்டு, தோள்ல தூக்கிட்டு ரோட்டுக்கு ஓடினன், பின்னால மாமியாரு கத்தறது கேட்டுது, பச்சப்புள்ளைய அம்மணமாத் தூக்கிட்டுப் போறாளேன்னு. டாக்டரு சொன்னாரு, “போர்த்தினதாலதாம்மா எகிறியிருக்கு.” ஒருத்தர் மேலயும் கோவமில்ல எனக்கு, எம்மேலதான். அந்த நின்ன நேரம் இருக்குது பாரு, அது. இன்னிக்கு அவ ஒம்பதாவது படிக்கறா, என்னையவே எதுத்துப் பேசறா, பேசட்டும், நல்லாப் பேசட்டும். எண்பத்தி ஒம்பது. நின்னது போதும்.

மாலையத் தூக்கியாச்சு. தூக்கி நாற்காலியில வெச்சிருக்கறன், கீழ போடல, அந்த மருவாதி எனக்குத் தெரியும். ஆனா நூலு அந்து பாதி உள்ளயே நின்னுருச்சு. முன்பக்கத் தகட்ட ரெண்டு ஓரத்துலயும் புடிச்சு இழுத்தன், சந்தனமும் குங்குமமுமா மொகத்தோட கழண்டு வந்துது, இப்ப முன்னால ஃபேன் விர்ருனு காத்த இழுக்குது. பக்கத் தகட்டு ஸ்குரூவ வெரலாலயே திருகிக் கழட்டிச் சாத்தி வெச்சாச்சு. உள்ள இருந்து வர்ற சூடு இட்லிப் பாத்திரம் தொறந்த மாதிரி மூஞ்சியில அடிக்குது. தொண்ணூத்தி ஒண்ணு. இன்னும் ஏறுது! பின்ன ஏறாம, சூட்ட மேல தள்ளற ஃபேன் சைபர்ல நிக்குதே. வளையல்ல கோத்து வெச்ச ஊக்கு இருக்குது. பொம்பளைங்க கையில எப்பவும் ரெண்டு ஊக்கு இருக்கும், அதப் பாத்து லேத்துக்காரனுக சிரிப்பானுக. சிரிங்கடா. ஊக்க விரிச்சுக் கம்பி வளையத்துக்கு நடுவால உட்டு நூல நெம்பறன். ஓடற மிஷினு, ஊக்கு நழுவி உள்ள போர்டு மேல விழுந்தா நூறு டிகிரிக்குக் காத்திருக்க வேண்டியதே இல்ல, ஒரே பொறி, முடிஞ்சுது. மூச்ச இழுத்துப் புடிச்சுக்கறன். ஒரு சுத்து பிரிஞ்சுது. தொண்ணூத்தி மூணு. ரெண்டாவது சுத்து. பூவு ஒண்ணு நசுங்கி அச்சுக்கிட்டச் சிக்கியிருக்குது, மஞ்சளா. வா வெளிய. வாடி வெளிய. தொண்ணூத்தி நாலு. தொண்ணூத்தி அஞ்சத் தாண்டுச்சுன்னா வேகத்தக் கொறைச்சுக்கும், முப்பது நிமிஷம் ஒரு மணி நேரமாயிரும், அதுக்குள்ள மொதலாளியும் அக்காளும் வந்து நிப்பாங்க. வெளிய மணி ஆட்டற சத்தம் கேக்குது. சாம்பிராணி வாசம் சன்னல் வழியா வருது. மூணாவது சுத்து, அந்துருச்சு, வந்துருச்சு! ஃபேன் ஒரு நடுக்கு நடுங்கி நின்னுது. ஊக்கு முனையால ஒரு தட்டுத் தட்டினன். சுத்துது. முந்நூறு. எழுநூறு. ஆயிரத்தி இருநூறு. அழுகை முட்டிட்டு வருது, இதுக்கெல்லாமா அழுவாங்க, துப்புக்கெட்டவளே, காலண்டர் அட்டைய எடுத்து வீசு.

வீசிட்டே இருக்கறன். தொண்ணூத்தி நாலு, தொண்ணூத்தி நாலு, தொண்ணூத்தி மூணு. வலது கை வலிச்சா இடது கை. “அம்மணி, கற்பூரம் ஏத்தப் போறமுங், வாங்க”ன்னு மொதலாளி வாசல்ல வந்து நின்னாரு. வெள்ள வேட்டி, நெத்தியில பட்டை, மனுசன் இன்னிக்கு மட்டும் நல்லாத்தான் இருந்தாரு. நான் எந்திரிக்கல. “இல்லீங், நீங்க ஆரம்பிச்சுக்குங்க, என்னால இப்ப நகர முடியாது.” அப்பத்தான் அவரு கண்ணு கீழ போச்சு, தொறந்து கெடக்கற பொட்டி, மேசைக்கால்ல சாத்தி வெச்ச சந்தனத் தகடு, நாற்காலியில மாலை. “ஏனுங் அம்மணி, பூசை போட்டதத் தொட்டுட்டீங்களா?” “தொட்டுட்டனுங்.” “தெரிஞ்சேவா?” “தெரிஞ்சேதானுங்.” கோவப்பட்டிருந்தா நானும் ரெண்டு கத்தியிருப்பன், ஆனா அவரு பயந்து போயிட்டாரு, அது மொகத்துல தெரிஞ்சுது. அவரு பின்னால மயிலக்கா. கையில அதே சந்தனக் கிண்ணம். “ஆசையா வெச்சனே கண்ணு”ன்னு மட்டும் சொன்னாங்க. கண்ணு கலங்கிருச்சு அவங்களுக்கு. எனக்குப் பாவமாத்தான் இருந்துச்சு, ஆனா அட்டைய வீசறத நிறுத்தல. “அக்கா, அது மூச்சு உடற எடமுங்க. தெரியாம வெச்சுட்டீங்க. அதச் சொல்லாதது எம்பட தப்பு.” அவங்க என்னையப் பாத்தாங்க, பொட்டியப் பாத்தாங்க, போயிட்டாங்க. எண்பத்தி எட்டு. மீதி இருபத்தி ஒண்ணு.

இருபத்தி ஒரு நிமிஷத்துல மனுசி என்னென்ன நெனப்பா. வேலைய உட்டு நிறுத்திட்டா? நிறுத்தட்டும், இந்தக் கணபதி ஏரியாவுல பம்புப் பட்டறைக்கா பஞ்சம். ஆனா அந்தப் பட்டறையிலயும் ஒரு நாச்சிமுத்தண்ணன் இருப்பாரு, அங்கயும் மொதல்லருந்து பதினோரு வருஷம். எண்பத்தி நாலு. எண்ணு கொறைவா வந்துட்டா? அறுவத்தி அஞ்சுன்னு வந்துட்டா? ஒண்ணு எச்சு, ரெண்டு இல்ல. அப்ப இத்தனையும் பண்ணி, சாமி குத்தமும் ஆயி, எல்லாரும் சிரிப்பாங்க. சிரிச்சாச் சிரிக்கட்டும், மொதல்ல அந்த எண்ணு வந்து எம் மொகத்துக்கு நேரா நிக்கட்டும். பாதியில செத்துப்போன கணக்க வெச்சுட்டு, வந்திருக்கும் வந்திருக்கும்னு ஒரு வருஷம் பொலம்ப எனக்கு முடியாது. தோத்தாலும் முழுசாத் தோக்கோணும். வெளிய பூசணிக்கா ஒடைக்கற சத்தம். எண்பது. ஆராவது கூப்புடறாங்களா? இல்ல. எழுவத்தி ஒம்பது. கண்ணு எரியுது. அஞ்சு நிமிஷம். ரெண்டு. திரையில கோடு கடைசி வரைக்கும் போயி நின்னு, ஃபேனெல்லாம் ஒட்டுக்கா சத்தம் கொறைஞ்சு, அறுவத்தி ஆறு புள்ளி எட்டு. நான் மறுக்காப் படிச்சன். அறுவத்தி ஆறு புள்ளி எட்டு. ரெண்டு கேட்டாரு, ரெண்டே முக்காலுக்குப் பக்கமா வந்திருக்குது. மொத வேலையா அத மூணு எடத்துல சேமிச்சன், பென் டிரைவ்ல ஒண்ணு.

கற்பூரத் தட்டோட மொதலாளி, மயிலக்கா, நாச்சிமுத்தண்ணன் மூணு பேரும் வந்தாங்க, அக்கா கையில தட்டு, ஒவ்வொரு மிஷினாக் காட்டிட்டு இங்க வந்திருக்காங்க. திரையத் திருப்பி மொதலாளிக்குக் காட்டினன். அவரு படிச்சாரு. தலைய ஆட்டினாரு. “எண்ணு வந்துருச்சு, சரிங் அம்மணி, நான் இல்லைங்கல. ஆனா பூசையக் கலைச்சு வந்த எண்ணுங் இது. இத வெச்சு நாளைக்கு மொத மரத்த அறுக்க எனக்கு மனசு வரமாட்டீங்குது. அடுத்த வருஷம் பாத்துக்கலாங்.” அடுத்த வருஷம்! நாச்சிமுத்தண்ணனுக்கென்ன, அவரு அஞ்சு எறக்கை தப்பிச்சுது. ஆனா அந்த மனுசன் குனிஞ்சு திரைகிட்ட வந்து, “இது பழசா அம்மணி? இதுல செவப்பா இருக்கறது என்ன?”ன்னாரு. பக்கத்துலயே பழைய எறக்கையோட படமும் தொறந்து கெடந்துது. “தண்ணி தறிகெட்டுச் சுத்தற எடமுங்கண்ணா. எறக்கை ஆரம்பிக்கற எடத்துல, அடிப்பக்கமா. அங்க குமிழி கட்டி ஒடைஞ்சு எறக்கையக் கொத்துது.” அவரு வெரல அந்தச் செவப்பு மேல வெச்சாரு. எடுக்கல. “அந்த எடத்துலதான் ஓட்டை விழுகுமுங் மொதலாளி. திரும்பி வர்ற ஒவ்வொரு இம்பெல்லர்லயும் இதே எடந்தானுங். மண்ணுத் தண்ணி அரிச்சுப்போட்டுது, உங்க கெணறு அப்பிடின்னு குடியானவங்ககிட்டச் சொல்லிச் சொல்லியே அனுப்பிச்சிட்டிருக்கறன். முப்பத்தொரு வருஷமா.” அப்புறம் என்னுதக் காட்டச் சொன்னாரு. காட்டினன். அதே எடத்துல செவப்பு இல்ல. “அம்மணி படத்தையே ஏத்துங்”னாரு. குரலு அவருதாட்டவே இல்ல.

மொதலாளிக்கு அந்தப் பக்கமும் பயம், இந்தப் பக்கமும் பயம். “பாக்கலாங், ராத்திரி யோசிச்சுட்டு”ன்னு இழுத்தாரு. தட்டுல கற்பூரம் அணையப் போச்சு, சின்னதா நீலமா ஆடுச்சு. அப்ப மயிலக்கா இடுப்புல முடிஞ்சு வெச்சிருந்த இன்னொரு கட்டிய எடுத்து அதுமேல வெச்சாங்க. யாரையும் பாக்கல, வெச்சுட்டுத் தட்ட மட்டும் நீட்டிப் புடிச்சாங்க. சுடர் நிமிந்துது. எனக்குச் சுரீர்னு புரிஞ்சுது. “மொதலாளி, ராத்திரி யோசிக்க வேண்டாமுங். எரியற கற்பூரத்துக்கு முன்னால சொன்னா மாறக்கூடாதுன்னு உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஏத்த மாட்டன்னா ஏத்த மாட்டன்னு இது அணையறதுக்குள்ள சொல்லிருங்க, நான் பைய எடுத்துட்டுப் போறன். ஏத்தறன்னாலும் இப்பவே சொல்லிருங்க.” அவரு அக்காளப் பாத்தாரு. அக்கா தட்ட இன்னும் கொஞ்சம் அவருகிட்டத் தள்ளினாங்க. கட்டி பாதி கரைஞ்சுது. “ஏத்தறனுங் அம்மணி”ன்னாரு. நான் எந்திரிச்சு ரெண்டு கையையும் சுடர் மேல காட்டிக் கண்ணுல ஒத்திக்கிட்டன்.